நீலகிரியில் கலைஞரைத் தேடிப் பிடிக்க

பள்ளி ஆண்டு விழாவோ, ஹோம்ஸ்டே சுவரோ, கல்யாண மேடையோ, எதுவானாலும் கோயம்புத்தூரிலிருந்து ஆள் கூட்டி வருவதுதான் ஊட்டி, குன்னூர் பக்கம் பல பேருக்குப் பழகிப்போன வழி. பக்கத்திலேயே படுகர்களின் ஹட்டி, தோடர்களின் மந்து, கோத்தர்களின் கோக்கால் என்று மலை மக்களின் ஊர்களில் கலைஞர்கள் இருக்கும்போது அது தேவையே இல்லை. கலைஞர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ள வட்டாரக் கலைஞர் டைரக்டரி கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் நாலு பேரைப் பிடித்துவிடலாம்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். தோடர் என்று போட்டால் வராதவர் தொதவர் என்றோ தோடா என்றோ போட்டால் வருவார். குறும்பர் சில பதிவில் குரும்பர், படுகர் சில பதிவில் படகர், ஊட்டி என்றால் உதகை, உதகமண்டலம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாவட்டக் கலை மன்ற விருது போட்டிருந்தால் அதிலிருந்து வயதும் தெரியும். கலை இளமணி 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, கலை முதுமணி 66-ஐத் தொட்டவர்களுக்கு. முதுமணியை ஜனவரி உறைபனி இரவில் திறந்த மேடையில் நிற்க வைக்காதீர்கள், பகல் நிகழ்ச்சியாக வையுங்கள். விருதோ நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டையோ இல்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடவும் வேண்டாம், மனுப் போடாத நல்ல கலைஞர்கள் நிறையப் பேர் உண்டு.

போன் மாலை ஆறு மணிக்கு மேல் செய்யுங்கள். பகலில் தேயிலை பறிக்கப் போயிருப்பார்கள், தோட்டத்தில் சிக்னலும் இருக்காது. எடுத்ததும் ‘எவ்வளவு?’ என்று ஆரம்பிக்காமல் என்ன நிகழ்ச்சி, எங்கே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லுங்கள், ஏனென்றால் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் செய்ய முடியாது. கோத்தர் இசையில் சாமிக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு. எதை மேடையில் வாசிக்கலாம் என்பதை அவர்கள் ஊரில் பேசித்தான் சொல்வார்கள், அந்த முடிவை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

தோடர் பூவேலைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வரைந்துகொள்ளாமல், சட்டம் மாட்டாமல், துணியின் இழையை எண்ணி எண்ணி சிவப்பும் கறுப்புமாகப் போடுகிற வேலை அது. பத்து நாளில் இருபது சால்வை கேட்டால் கிடைக்காது, இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லி வையுங்கள். வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள், அச்சடித்த போலியில் பின்பக்கம் இழையே தெரியாது.

சுவர் ஓவியத்துக்கு ஒன்று சொல்கிறேன். கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்சுவரில் குறும்பர் ஓவியம் வரையக் கேட்டிருந்தோம். வந்தவர் தூரிகையை எடுக்கவே இல்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கையை என் கன்னத்தருகே கொண்டுவந்து காட்டினார், சில்லென்று இருந்தது. “இன்னும் ஈரம் காயலைங்க, மண்ணும் வேங்கை மரப் பாலும் பிடிக்காது, பனி முடிஞ்சதும் வர்றேன்” என்று போய்விட்டார். பிப்ரவரியில் வந்து வரைந்தார், மூன்று மழை பார்த்தும் நிறம் அப்படியே இருக்கிறது. அதனால் சுவரைக் காட்டிய பிறகே தேதி பேசுங்கள். மழைச்சாரல் அடிக்கிற சுவர் என்றால் துணியில் வரையச் சொல்லி உள்ளே மாட்டுவதுதான் நல்லது.

தேதி வைக்கும் முன் அவர்கள் பண்டிகைகளைக் கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, கோத்தர்களின் கம்பட்டராயர் திருவிழா எல்லாம் வரும், அப்போது எவ்வளவு கொடுத்தாலும் ஆள் கிடைக்காது.

சம்பளத்தைக் கலைஞர் சொல்லட்டும். குழு என்றால் எத்தனை பேர் என்று கேட்டுத் தலைக்கு எவ்வளவு என்று பேசி, முன்பணத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஜீப் வாடகையும் சாப்பாடும் தனி, சம்பளத்தில் கழிக்கக் கூடாது. நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு முடிந்தால் கடைசி பஸ் போயிருக்கும், வீடு வரை வண்டி நீங்கள்தான் பேச வேண்டும். ஒரு ரிசார்ட்டில் தப்பட்டை அடித்து முடித்தவர்களைப் பத்தரை மணிக்கு ரோட்டில் நிற்க விட்டுவிட்டார்கள், என் வண்டியில் இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டுபோய் விட்டேன். இன்னும் நினைத்தால் மனம் ஆறவில்லை. கீழேயிருந்து உங்கள் விருந்தினர் வருவதாக இருந்தால் வண்டி நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

வரைந்த படத்தை டீ-சர்ட்டிலோ லேபிளிலோ போட நினைத்தால் அதற்குத் தனியாக அனுமதி, தனியாகப் பணம். வேலை முடிந்ததும் சுவரின் மூலையில் அவர் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம், டைரக்டரியில் இருக்கிற நம்பர் மாறியிருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு புது நம்பரை டைரக்டரி போடுகிறவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.