பிள்ளை சாப்பிடுறதில்லையா? பசியைக் கெடுப்பது எது என்று பாருங்கள்

"சோற்றைக் கண்டாலே ஓடுறான்" என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அம்மாமார் குறைப்படும் பிள்ளைகளில் பலருக்கு அந்த நேரத்தில் பசியே இருப்பதில்லை. பத்து மணிக்கு ஒரு பக்கற் சொக்லேட் பால், பதினொன்றரைக்கு இரண்டு பிஸ்கட், அழுதால் கொஞ்சம் நெக்டர். பிறகு பன்னிரண்டரைக்குச் சோறு எப்படி இறங்கும்? ஒரு வயதுக்குப் பிறகு பால் நாளுக்கு 500 மி.லீ.ஐத் தாண்டினால் பசி அடைபடும்; இரும்புச்சத்தும் குறையலாம். ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும் கொடுங்கள். அப்பம்மா இருக்கும் வீட்டில் இந்தச் சட்டத்தை முதலில் அவரிடம்தான் சொல்லவேண்டும்.

அளவிலும் பிழை விடுகிறோம். முதல் வருடத்தில் பிறந்த நிறை மூன்று மடங்காகும். இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். சாப்பாடு குறைவதற்கு இதுவும் காரணம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு கறியிலும் மூன்று மேசைக்கரண்டி போதும், வேண்டுமென்றால் கேட்கட்டும். அரை மணி நேரத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். போன் காட்டி ஊட்டினால் வயிறு நிறைந்ததைப் பிள்ளை கவனிக்காது. "கீரை முடிச்சா ஐஸ்கிரீம்" என்றால் கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று அது விளங்கிக்கொள்ளும்.

புது மரக்கறியை இரண்டு தரம் துப்பியதும் கைவிடுவதுதான் பெரிய பிழை. பத்து, பதினைந்து தரம்கூடத் தேவைப்படலாம். பச்சை மிளகாய் போட்ட வல்லாரைச் சம்பலில் தொடங்காதீர்கள். கைப்பும் உறைப்பும் சேர்ந்து வெருட்டிவிடும். பருப்போடு அவித்த முருங்கை இலை, பூசணிக்காய்ப் பால்கறி, பிறகு வல்லாரை. பழகிய இரண்டு கறியோடு புதியது ஒரு தேக்கரண்டி மட்டும். புகழவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். நீங்களும் பக்கத்திலிருந்து அதையே சாப்பிடுங்கள். எல்லாவற்றையும் அரைத்துச் சோற்றில் மறைத்தால் மரக்கறியின் ருசியும் பழகாது, மெல்லவும் வராது. ஒன்பது மாதத்திலேயே சிறு கட்டிகளோடு மசித்துக் கொடுக்கலாம்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் கூடுதலாகச் சேரும்.

பழங்களில் ரம்புட்டானை விதையோடு கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும். முந்திரிகைப்பழத்தை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். முழுக் கச்சான் ஐந்து வயதுக்குப் பிறகு.

கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு சரிந்தால், அல்லது இரண்டு தரம் தொடர்ந்து ஏறாமல் நின்றால், மிட்வைஃபிடம் காட்டுங்கள்.