எழுபதுக்கு மேல் கார் இன்சூரன்ஸ்

எனக்கு 71 வயது. இந்த முறை புதுப்பிக்கும் கடிதம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஒரு கிளெய்ம்கூட இல்லை, பிரீமியம் மட்டும் ஏறியிருந்தது. ஒரே இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் இருந்தால் சலுகை தருவார்கள் என்று நம்பியது என் தப்பு.

ஒரு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். நான் 4 இடங்களில் கேட்டேன். எல்லோரிடமும் ஒரே விவரத்தைச் சொன்னால்தான் விலையை ஒப்பிட முடியும்.

எனக்கு அதிகம் மிச்சமானது ஓட்டும் தூரத்தில். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும், தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுவதாகவே பாலிசியில் இருந்தது! இப்போது மருந்துக்கடை, நூலகம், பேத்தி வீடு, அவ்வளவுதான். ஓடோமீட்டரைப் பார்த்து உண்மையான கணக்கைக் கொடுத்தேன். குறைத்துச் சொல்லாதீர்கள், கிளெய்மில் சிக்கல் வரும். மகன் பெயரில் பாலிசி எடுத்து நீங்களே ஓட்டுவதும் அதே வம்புதான்.

அப்புறம் டிடக்டிபிள், அதாவது பழுதுச் செலவில் நாம் போடும் பங்கு. அதை உயர்த்தினால் பிரீமியம் குறையும். ஆனால் சேமிப்பிலிருந்து உடனே எடுக்க முடிகிற தொகையாக இருக்கட்டும்.

கார் ரொம்பப் பழசா? முழுப் பாதுகாப்பு எடுத்தாலும் பெரும்பாலும் அன்றைய சந்தை மதிப்புக்கு மேல் கிடைக்காது. மூன்றாம் நபர் பாலிசிக்கும், அதாவது நம் காருக்கு இல்லாமல் மற்றவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டுமான பாலிசிக்கும், விலை கேட்டுப் பாருங்கள். மூத்தோருக்கான ஓட்டுநர் பயிற்சிக்குச் சில இடங்களில் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.