அமெரிக்கக் கல்லூரித் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி? மார்க் ஹாப்கின்ஸை முன்வைத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரித் தலைவர்களைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் பிறந்த ஆண்டு, பதவியேற்ற ஆண்டு, மறைந்த ஆண்டு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. படிப்பவர் மனத்தில் அந்த மனிதர் நிற்பதில்லை. எனவே முதலில் அந்தப் பதவி எத்தகையது என்பதை விளக்கிவிட வேண்டும். அக்காலத்துச் சிறிய கல்லூரியின் தலைவர் இன்றைய நிர்வாகியைப் போன்றவர் அல்லர்; பெரும்பாலும் குருப்பட்டம் பெற்ற அவரே கல்லூரி ஆலயத்தில் பிரசங்கம் செய்தார், நன்கொடை திரட்டினார், இறுதியாண்டு மாணவர்களுக்கு அறவியலும் கற்பித்தார். 'முதல்வர்' என்று எழுதினால் நம் கல்லூரி முதல்வரே வாசகரின் நினைவுக்கு வருவார் என்பதால், 'தலைவர்' என்ற சொல்லே பொருத்தமானது என்பது என் கருத்து.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுனில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரிக்கு 1836 முதல் 1872 வரை தலைவராக இருந்த மார்க் ஹாப்கின்ஸை எடுத்துக்கொள்வோம். தகவல் தேடத் தொடங்கும்போதே ஓர் இடறல் காத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையை நிறுவியவர்களுள் ஒருவரின் பெயரும் இதுவே; சான் பிரான்சிஸ்கோவிலுள்ள புகழ்பெற்ற விடுதி அந்த ரயில் முதலாளியின் பெயரைத் தாங்கியது. கிடைக்கும் ஒவ்வொரு குறிப்பிலும் ஊரையும் ஆண்டையும் சரிபார்க்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

வாழ்க்கையின் எலும்புக்கூட்டை ஒரு பத்திக்குள் முடித்துவிடலாம். 1802இல் ஸ்டாக்பிரிட்ஜில் பிறந்தார். 1824இல் வில்லியம்ஸில் பட்டம் பெற்றார். அங்கேயே சிறிது காலம் பயிற்றுநராக இருந்துவிட்டு 1829இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். மறு ஆண்டு அறவியல் பேராசிரியராகக் கல்லூரிக்குத் திரும்பினார். இவற்றுள் மருத்துவப் பட்டத்தை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிடக் கூடாது, ஏனெனில் அவருடைய வகுப்பறையைத் திறக்கும் சாவி அதுதான்.

மனிதனை அறிய வேண்டுமானால் உடலிலிருந்து தொடங்கி மனத்துக்கும், அதிலிருந்து அறத்துக்கும் படிப்படியாக ஏற வேண்டும் என்பது அவருடைய முறை. உடற்கூற்றைக் காட்டும் மனித மாதிரி உருவம் ஒன்றைத் தம் பொறுப்பில் கடன்பட்டு வாங்கி, அதைக் கொண்டு வெளியூர்களில் விரிவுரை நிகழ்த்திக் கடனை அடைத்தார். 1873இல் வெளிவந்த அவருடைய நூலொன்று உடலையும் மனத்தையும் ஒரே அமைப்பாக வரைபடங்களுடன் விளக்குவதோடு, அதைக் கரும்பலகையில் கற்பிக்கும் வழியையும் சேர்த்தே தருகிறது. இத்தகைய ஒரு காட்சியைக் கண்டெடுத்துவிட்டால் அதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள். 'சிறந்த ஆசிரியர்' என்ற அடைமொழியைத் தனியாகச் சேர்க்க வேண்டிய தேவையே இராது.

அடுத்து, அவரைப் பற்றி வழங்கும் புகழுரையைக் கையாளும் விதம். ஒரு மரக்கட்டையின் ஒரு முனையில் ஹாப்கின்ஸும் மறுமுனையில் ஒரு மாணவனும் அமர்ந்தால் அதுவே கல்லூரி என்ற கூற்று, அவருடைய மாணவரும் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக வந்தவருமான ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1871இல் நியூயார்க் விருந்தொன்றில் ஆற்றிய உரையிலிருந்து பிறந்தது. அது வாய்மொழியாகப் பரவி, வெவ்வேறு சொற்களில் பதிவாகியிருப்பதால் மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் கருத்தை மட்டும் எழுதுவதே நேர்மை. கார்ஃபீல்டு 1854இல் எந்தக் கல்லூரியில் சேர்வது என்று பல இடங்களுக்குக் கடிதம் எழுதியபோது, நீங்கள் வந்தால் எங்களால் இயன்றதைச் செய்வோம் என்ற பொருள்பட ஹாப்கின்ஸ் எழுதிய ஒரு வரியே அவரை வில்லியம்ஸுக்கு வரவழைத்தது. என்னைக் கேட்டால், மரக்கட்டையைவிட அந்த ஒற்றை வரியே அம்மனிதரை நெருக்கமாகக் காட்டுகிறது.

தமிழ் வாசகருக்காக எழுதும்போது விடக்கூடாத உண்மையான தொடர்பொன்றும் உண்டு. 1857 முதல் இறக்கும் வரை அவர் அயல்நாட்டு மிஷன்களுக்கான அமெரிக்க வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பணியாற்றிய அமெரிக்கன் மிஷன் அந்த வாரியத்தைச் சேர்ந்ததே. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கியபோதும் அவரே வாரியத் தலைவர். அதற்காக அக்கல்லூரியை அவர் நிறுவினார் என்று எழுதிவிடாதீர்கள். காலமும் பொறுப்பும் ஒன்றுபட்டன என்று மட்டும் சொல்லுங்கள்.

கட்டுரையை 1872இல், பதவி விலகலோடு நிறுத்திவிடுவது பலரும் செய்யும் பிழை. தலைமையைப் பால் சாட்போர்னிடம் ஒப்படைத்த பிறகும் அவர் வில்லியம்ஸ்டவுனை விட்டுப் போகவில்லை. 1887 ஜூனில் மறையும் வரை அதே கல்லூரியில் பேராசிரியராகவே இருந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.