டிஏ வேலைக்கான சம்பளத்துடன் கூடிய பயிற்சி: முதல் செமஸ்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதுநிலை, பிஎச்டி மாணவர்கள் முதல் முறை டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட், கற்பித்தல் உதவியாளர்) ஆகும்போது, வகுப்பு தொடங்கும் முன் ஒரு பயிற்சிக்கு வரச் சொல்வார்கள். பெர்க்லி, மிச்சிகன் போன்ற இடங்களில் இதே வேலைக்கு ஜிஎஸ்ஐ (கிராஜுவேட் ஸ்டூடன்ட் இன்ஸ்ட்ரக்டர்) என்று பெயர். வீடு தேடி, வங்கிக் கணக்கு திறக்க அலைந்துகொண்டிருக்கும் வாரத்தில்தான் பெரும்பாலும் இது வரும். அதனால் பலர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் சடங்காக இதை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அது வேலை நேரம். அந்த மணிகளை ஆரம்பத்திலேயே எழுதி வைக்காதவருக்கு செமஸ்டர் கடைசியில் கணக்கு உதைக்கும்.

தனியாகப் பணம் வரும் என்று காத்திருப்பது

பயிற்சிக்குச் சம்பளம் உண்டு என்பதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். டைம்ஷீட் போட்டு மணிக்கணக்கில் வாங்குவது ஒன்று. கிரேடர், ட்யூட்டர் வேலைகளில் இது சகஜம். மாதச் சம்பளமாக வரும் டிஏ நியமனத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பயிற்சிக்கென்று தனித் தொகை வராது. செமஸ்டருக்கான மொத்த மணிகளில் அந்த நேரம் கழியும். உங்களுடையது எது என்று நியமனக் கடிதத்தில் இல்லையென்றால் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தாழ்வாரத்தில் வாய்வார்த்தையாகக் கிடைத்த பதில் நவம்பரில் எதற்கும் உதவாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் யூஏடபிள்யூ 4811 சங்கத்தின் ஒப்பந்தப்படி, 50 சதவீத நியமனம் என்றால் வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரம். செமஸ்டர் முறையில் மொத்தம் 340, குவார்ட்டர் முறையில் 220 மணிக்கு மேல் வேலை தரக் கூடாது. கட்டாயப் பயிற்சியும் இந்த வரம்புக்குள்தான். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் எந்த வேலைக்கு எத்தனை மணி என்று பிரித்து எழுதும் டிடிஏஎச் என்ற படிவம் இருக்கிறது. பயிற்சி நேரமும் அதில் ஏற வேண்டும். ஏறாத படிவத்தில், கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெர்க்லியில் இன்னொரு குழப்பம் வரும். அங்கே புது ஜிஎஸ்ஐகள் கற்பித்தல் மாநாட்டுக்கு வர வேண்டும், தொழில் நெறிமுறை பற்றிய ஆன்லைன் பாடத்தை முடிக்க வேண்டும், 375 என்று எண்ணிட்ட கற்பித்தல் வகுப்பிலும் சேர வேண்டும். மூன்றாவதாகச் சொன்ன வகுப்பு, யூனிட் (கிரெடிட்) தரும் பாடம். மற்ற பாடங்களைப் போல அதற்கும் வாசிப்பும் வீட்டுப்பாடமும் உண்டு. செமஸ்டருக்கு எத்தனை பாடம் எடுக்கலாம் என்று பார்க்கும்போது இதை விட்டுவிடக் கூடாது.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் விதி தெளிவாக இருக்கிறது. பயிற்சி வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், வருவது உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும், வேலையோடு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது, அங்கே வேறு வேலை எதுவும் செய்யக் கூடாது. இந்த நான்கும் பொருந்தினால்தான் அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடாமல் விடலாம். டிஏ பயிற்சி எதற்கும் இந்த நான்கும் பொருந்துவது கடினம், அதனால் அது பெரும்பாலும் வேலை நேரம்தான். ஆனால் பாடம் நடத்துவதே முக்கியப் பணியாக உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், ஓவர்டைம் பற்றிய விதிகளில் விலக்கு உண்டு. அவர்களைக் காப்பது சங்க ஒப்பந்தமும் நியமனக் கடிதமும்தான்.

மணிக்கணக்கைப் போட்டுப் பார்க்காதது

வாரம் 10 மணி, 14 வாரம், மொத்தம் 140 மணி என்று ஒரு நியமனத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பு நடப்பது 12 வாரம், மாணவர்கள் 60 பேர். பயிற்சி 5 மணி. பேராசிரியருடன் வாரம் அரை மணி சந்திப்பு, 6. செக்‌ஷன் (டிஏ நடத்தும் சிறு குழு வகுப்பு) வாரம் 2 மணி வீதம் 24, அதற்கான தயாரிப்பு இன்னொரு 24. ஆபீஸ் அவர்ஸ் (மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் நேரம்) 12, மின்னஞ்சல் 12. இதுவரை 83. மீதி இருக்கும் 57 மணியில்தான் திருத்தும் வேலை முழுவதும் முடிய வேண்டும்: இரண்டு அசைன்மென்ட், தாளுக்கு 15 நிமிடம் என்றால் 30 மணி, மிட்டெர்ம் 12 நிமிடம் வீதம் 12, ஃபைனல் 15 நிமிடம் வீதம் 15. சரியாக 140. ஒரு நிமிடம்கூட உபரி இல்லை.

இப்போது அசைன்மென்ட் தாள் ஒன்றுக்கு 20 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 10 மணி கூடுதல். பயிற்சியின் 5 மணியையும் யாரும் எழுதவில்லை என்றால் 15 மணி, அதாவது ஒன்றரை வார வேலை, சும்மா போகிறது. புது டிஏவுக்கு முதல் தாள்கட்டைத் திருத்த நினைத்ததைவிட அதிக நேரம் ஆகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அட்டவணையை முதல் வாரத்திலேயே பேராசிரியரிடம் காட்டினால், பின்னூட்டத்தைச் சுருக்குவதா, ஒரு அசைன்மென்ட்டைக் குறைப்பதா என்று அவரால் முடிவெடுக்க முடியும். பத்தாவது வாரத்தில் காட்டினால் அது புகாராகத்தான் காதில் விழும்.

விசா கணக்கைத் தனியாக வைப்பது

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்தில் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இதில் சராசரிக்கு இடமில்லை. ஒவ்வொரு வாரமும் தனி. 20 மணி டிஏ நியமனத்தோடு நூலகத்திலோ ட்யூட்டரிங் மையத்திலோ இன்னொரு வேலையை ஏற்று, அதன் 2 மணி சம்பளப் பயிற்சிக்குப் போனால் அந்த வாரம் 22. ‘பயிற்சிதானே’ என்ற சமாதானம் செல்லாது. சந்தேகம் வந்தால், போவதற்கு முன்பே டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைப் பார்க்கும் பல்கலைக்கழக அதிகாரி) கேட்டுவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் வகுப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாளுக்கும் முன்னதாக வளாக வேலையைத் தொடங்க முடியாது. பயிற்சிக்குச் சம்பளம் உண்டு என்றால் அதன் முதல் நாளே வேலையின் முதல் நாள். அன்றைக்குள் வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தில் உங்கள் பகுதியை நிரப்ப வேண்டும். 3 வேலை நாளுக்குள் அசல் ஆவணங்களைக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட், ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) மூன்றும் கையில் இருக்கட்டும். ஃபோனில் எடுத்த படம் போதாது. எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) வர வேண்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு, அவசியமில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கலாம்.

ஆன்லைன் பாடங்களை ‘நெக்ஸ்ட்’ தட்டித் தாண்டுவது

பிரவுசரில் வேறொரு டேபில் ஓடவிட்டு, வினாடிவினாவில் ஊகித்து 80 சதவீதம் வாங்கி முடிப்பது எளிது. மற்றவற்றை எப்படி முடித்தாலும் இரண்டை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள்.

ஒன்று ஃபெர்பா, மாணவர் பதிவுகளின் ரகசியம் பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டம். திருத்திய தாள்களை மேசையில் குவித்து ‘உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதே மீறல்தான். ஒவ்வொருவரும் மற்றவர் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டேதான் தன்னுடையதைத் தேடுவார்கள். மதிப்பெண் பட்டியல் முழுவதையும் மின்னஞ்சலில் இணைப்பது, மாணவரின் தந்தை கேட்டார் என்று பதில் சொல்வது இரண்டும் அடிக்கடி நடப்பவை. மகனின் படிப்பை அப்பா விசாரிப்பது நமக்கு இயல்பாகத் தோன்றலாம். மாணவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாத வரை பேராசிரியரிடம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது டைட்டில் நைன், கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம். பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் அதை பல்கலைக்கழகத்தின் டைட்டில் நைன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை பல பல்கலைக்கழகங்களில் டிஏக்களுக்கும் உண்டு. ஆபீஸ் அவர்ஸில் ஒரு மாணவி ‘யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?’ என்று தொடங்கினால், பரிவில் தலையாட்டிவிடுவதுதான் தவறு. அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே, ‘நான் சிலவற்றைத் தெரிவித்தாக வேண்டியிருக்கும், ரகசியம் காக்கக்கூடிய ஆலோசகர் இன்னார்’ என்று சொல்லிவிட வேண்டும். பிறகு பேசுவதா, யாரிடம் பேசுவது என்பது அவர் முடிவு.

ஆய்வக டிஏக்கள் பாதுகாப்புப் பயிற்சியை முதல் லேபுக்கு முன் முடித்தாக வேண்டும். கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். 10 விநாடியில் எட்ட வேண்டும். கண்ணில் அமிலம் பட்டால் 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் மீதி மாணவர்களை யார் பார்ப்பது என்பது பயிற்சியில் கேட்க வேண்டிய கேள்வி.

திருத்துவதைப் பழகாமல் விடுவது

பயிற்சியில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவது இதுதான். ஆனால் மேலே போட்ட கணக்கில் அதிக மணிகளைத் தின்பதும் இதுதான். ரூப்ரிக்கை (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல்) வாசித்துக்காட்டினால் போதாது. ஐந்து தாள்களை நகலெடுத்து, எல்லா டிஏக்களும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். பிறகு மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 20க்கு ஒருவர் 16, இன்னொருவர் 11 போட்டிருந்தால் பெரும்பாலும் குற்றம் ரூப்ரிக்கின் வாசகத்தில் இருக்கும். ‘போதிய விளக்கம்: 5’ என்பதை ஆளுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள். ‘காரணம் கூறியது 2, தரவு காட்டியது 2, வரம்பு சொன்னது 1’ என்று பிரித்தால் வித்தியாசம் சுருங்கும். ஒரு மணி நேர வேலை. மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்டு வரும் மின்னஞ்சல்கள் கணிசமாகக் குறையும்.

ஒரே மாணவரின் தாளை முழுதாகத் திருத்தி அடுத்ததற்குப் போவதையும் தவிர்க்கலாம். முதல் கேள்வியை 60 தாளிலும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள்; பெயரை மறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பெர்க்லியில் இந்த வேலையில் அல்லாடியவர்கள் உருவாக்கிய கிரேடுஸ்கோப் மென்பொருள் இப்படிக் கேள்வி வாரியாகத் திருத்தத்தான் வசதி செய்கிறது.

துறைகள் செய்யும் தவறு

எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிப்பது. இன்னும் ஒரு தாளைக்கூடப் பார்க்காதவருக்கு ஆகஸ்டில் திருத்தும் பயிற்சி தந்தால், அக்டோபரில் எதுவும் நினைவிருக்காது. 5 மணி நேரம் இருந்தால் வகுப்பு தொடங்கும் முன் 3 போதும். அதில் பாதியாவது, ஒவ்வொருவரும் தன் முதல் செக்‌ஷனின் முதல் ஐந்து நிமிடத்தைச் சக டிஏக்கள் முன் நடத்திக் காட்டுவதற்குப் போகட்டும். வேகமாகப் பேசுவது, கலைச்சொல்லைப் பலகையில் எழுதாமலே கடந்துபோவது, கேள்வி கேட்ட இரண்டு விநாடியில் தானே பதில் சொல்லிவிடுவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். நான்காவது மணி, முதல் கட்டுத் தாள் வரும் வாரத்தில். கடைசி மணி ஆறாவது அல்லது ஏழாவது வாரத்தில்: அதற்குள் மாணவர்களிடம் பெயரில்லாமல், எது உதவுகிறது, எது உதவவில்லை, எதை மாற்றலாம் என்ற மூன்று கேள்விகளை 10 நிமிடத்தில் எழுதி வாங்கியிருந்தால், அந்தச் சீட்டுகளையே பயிற்சிக்கு எடுத்துவரலாம். துறை இப்படிப் பிரிக்கவில்லை என்றால், மீதி 2 மணியைப் பின்னால் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று பயிற்சி நடத்துபவரிடமே கேளுங்கள்.