ராணுவத்தைப் பற்றித் தலைவர் அடித்த ஜோக் சர்ச்சையானால், அதை எப்படி அலசுவது?

தேர்தல் நேரம் வந்தால் போதும், ஏதோ ஒரு தலைவர் ராணுவத்தைக் கேலி செய்துவிட்டார் என்று பத்து விநாடிக் காணொளி ஒன்று கைப்பேசிக்கு வந்து சேரும். நான் பட்டாளத்து வீட்டுப் பெண். அப்பா சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், தம்பி இப்போது பணியில் இருக்கிறான். எங்கள் குடும்பக் குழுவில் இந்த மாதிரி காணொளி விழுந்தால் சித்தப்பாவும் மாமாவும் முட்டிக்கொள்வார்கள், பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். "எதை நம்புறது, என்ன சொல்றது அக்கா?" என்று கேட்கும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இது.

பழகிப் பார்க்க அமெரிக்காவில் 2006இல் நடந்த ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அப்போது ஜனநாயகக் கட்சி உறுப்பினராக இருந்த ஜான் கெர்ரி சொன்ன ஜோக். அதில் எல்லாத் தகவலும் வெளியே வந்துவிட்டது. நம் வீட்டில் யாருக்கும் அங்கே கட்சியும் கிடையாது.

முதலில் முழுப் பேச்சைத் தேடுங்கள்

2006 அக்டோபர் 30. கலிஃபோர்னியாவில் பாசடீனா சிட்டி காலேஜ். ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற ஃபில் ஏஞ்சலிடிஸுக்காகப் பிரசாரம் செய்ய கெர்ரி அங்கே போயிருந்தார். மாணவர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இது: நன்றாகப் படித்து, வீட்டுப்பாடம் செய்து, முயற்சி எடுத்தால் முன்னுக்கு வரலாம், இல்லாவிட்டால் இராக்கில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

காணொளியில் வந்தது இவ்வளவுதான். ஆனால் அதற்குச் சற்று முன்பு வரை அவர் கிண்டல் செய்துகொண்டிருந்தது அதிபர் புஷ்ஷை. அப்புறம் அவருடைய அலுவலகம், எழுதி வைத்திருந்த வரி என்று ஒன்றை வெளியிட்டது. படிக்காமல், மூளைச் சோம்பலோடு இருந்தால் நம்மை எல்லாம் இராக் போரில் கொண்டுபோய் மாட்டிவிடுவீர்கள், சந்தேகம் இருந்தால் அதிபர் புஷ்ஷைக் கேளுங்கள் என்பது அதன் பொருள். மேடையில் 'நம்மை' விட்டுப்போனது, புஷ்ஷின் பெயரும் விட்டுப்போனது. போரைத் தொடங்கியவர் மீது போக வேண்டிய அடி, போரில் நிற்பவர்கள் மீது போய் விழுந்தது.

இந்தக் கட்டத்தில் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். மேலே அவர் வாயிலிருந்து வந்தது, கீழே அவர் சொல்ல நினைத்ததாகச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்காதீர்கள். எதிர்ப்பவர்கள் மேல் வரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், ஆதரிப்பவர்கள் கீழ் வரியை மட்டும் காட்டுவார்கள். இரண்டு வரியும் உண்மை.

கேட்டவர் காதில் என்ன விழுந்தது?

இதைத்தான் நம்மில் பலர் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு இதுதான் முக்கியம்.

"படிப்பு ஏறலேன்னா பட்டாளத்துக்குப் போ" என்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்கும் பேச்சு! அப்பா விடுமுறையில் வரும்போது கல்யாண வீட்டில் யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா பதில் பேச மாட்டார். பதவி உயர்வுக்காக மேப் ரீடிங் பரீட்சைக்குப் படித்தவர், வயர்லெஸ் செட்டைப் பிரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக்கூடியவர், மோர்ஸ் ஒலியைக் கேட்டபடியே பென்சிலால் எழுதிக்கொண்டு போகிறவர். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து கை கழுவப் போவார். சொன்னவர் நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு வலித்ததும் நிஜம்.

கெர்ரியின் வரி அமெரிக்க வீரர்கள் காதில் விழுந்தது கிட்டத்தட்ட இப்படித்தான். அங்கே கட்டாய ராணுவச் சேர்க்கை 1973இலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு போகிறவர்கள் எல்லோரும் தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள். 1944இல் வந்த ஜி.ஐ. சட்டத்திலிருந்து, ராணுவத்தில் பணியாற்றினால் கல்லூரிச் செலவுக்கு அரசு உதவும் என்ற ஏற்பாடு தொடர்கிறது. படிக்க வேண்டும் என்பதற்காகவே சீருடை போட்டவர்கள் அங்கே ஏராளம். அவர்களைப் பார்த்துப் படிக்காதவர்கள் என்று சொன்னதாகக் கேட்டால் எப்படி இருக்கும்? அந்த அக்டோபர் மாதத்தில் மட்டும் இராக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். சவப்பெட்டிகள் வீடு வந்துகொண்டிருந்த மாதம் அது.

ஆகவே நாள், மாதம், அந்த நேரத்துப் போர் நிலவரம் மூன்றையும் கட்டாயம் பாருங்கள். அமைதிக் காலத்தில் முகம் சுளிக்க வைக்கும் ஒரு வரி, சாவு வீட்டில் தாங்க முடியாததாகிவிடும்.

கோபப்படுகிறவர்களைப் பிரித்துப் பாருங்கள்

"மக்கள் கொந்தளிப்பு" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவார்கள். அவிழ்த்துப் பாருங்கள்.

வீரர்களும் குடும்பங்களும் ஒரு பக்கம். முன்னாள் வீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜன் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அடுத்து கெர்ரிக்கு எதிரணியான குடியரசுக் கட்சிக்காரர்கள், அதாவது புஷ்ஷின் கட்சி. மறுநாளே புஷ் ஜார்ஜியா மாநிலத்தில் பிரசார மேடையிலிருந்து இதைக் கையில் எடுத்தார். நாடாளுமன்றத் தேர்தல் நவம்பர் 7, இன்னும் ஒரு வாரம்தான். இராக் போர் அவர் கட்சிக்குப் பாரமாக இருந்த நேரத்தில், பேச்சைப் போரிலிருந்து கெர்ரி பக்கம் திருப்ப இது உதவியது. மூன்றாவது, கெர்ரியின் சொந்தக் கட்சிக்காரர்கள். டென்னசியில் செனட்டுக்கு நின்ற ஹெரால்ட் ஃபோர்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார், அப்போது செனட்டராக இருந்த ஹிலாரி கிளிண்டன் அந்தப் பேச்சு பொருத்தமற்றது என்றார். கெர்ரி போக வேண்டியிருந்த பிரசாரக் கூட்டங்கள் ரத்தாயின.

ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஜோக்கால் இவருக்கு என்ன நஷ்டம், என்ன லாபம்? லாபம் இருப்பதாலேயே ஒருவர் கோபம் பொய்யாகிவிடாது. ஆனாலும் வலியைச் சொல்கிறவர் குரலையும் வலியைத் தூக்கிக் காட்டுகிறவர் குரலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சம்பந்தப்பட்டவர்களே பேசியது ஏதாவது இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். இந்த விவகாரத்தில் அப்படி ஒன்று உண்டு. இராக்கில் இருந்த மினசோட்டா தேசியக் காவல் படை வீரர்கள் சிலர் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். வேண்டுமென்றே எழுத்துப்பிழைகளை அள்ளிப் போட்டு, "எங்கல காப்பாத்துங்ஙக ஜான் கேறி, இறாக்குல மாட்டிகிட்டம்" என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். படம் உலகம் முழுக்கப் போனது. எத்தனையோ தலைவர்களின் கண்டன அறிக்கையை விட அந்த ஒரு துணி கூர்மையாகப் பேசியது என்பேன். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. படிக்காதவர்கள் என்றா சொன்னீர்கள், இதோ படியுங்கள் என்று நீட்டிவிட்டார்கள்.

மன்னிப்பை நாள் கணக்கோடு படியுங்கள்

இங்கே நிதானம் வேண்டும். கெர்ரி சாதாரண ஆள் இல்லை. வியட்நாம் போரில் கடற்படை அதிகாரியாக இருந்து சில்வர் ஸ்டார், பிரான்ஸ் ஸ்டார், மூன்று பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்கள் வாங்கியவர். 2004இல் அதிபர் தேர்தலில் நின்றபோது அந்தப் போர்ச் சேவையையே கேள்வி கேட்டு விளம்பரங்கள் வந்தன. அந்தக் காயம் ஆறியிருக்காது. அக்டோபர் 31 அன்று சியாட்டிலில் செய்தியாளர்கள் முன் நின்றபோது அவர் பாய்ந்துதான் வந்தார். அதிபரின் கொள்கையை விமர்சித்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார். நவம்பர் 1 அன்று, தன் சொற்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதற்கு வருந்துவதாகவும், மனம் புண்பட்ட வீரர்களிடமும் குடும்பங்களிடமும் தனிப்பட்ட முறையில் மன்னிப்புக் கேட்பதாகவும் அறிக்கை வந்தது.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது புஷ்ஷைப் பார்த்துப் பேசுகிறது, இரண்டாவதுதான் வீரரைப் பார்த்துப் பேசுகிறது. அதிலும் "தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது" என்று ஒரு கை கேட்டவர் பக்கம் நீள்கிறது. என் கணக்கில் அது முக்கால் மன்னிப்பு. "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், உங்களைச் சொல்லவில்லை, மன்னியுங்கள்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பதாகைக்கே வேலை இருந்திருக்காது.

கட்சியை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

2004 மார்ச் 24. வாஷிங்டனில் வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர்களின் விருந்து. புஷ் தன் அலுவலகத்தில் மேசை நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடும் படங்களைத் திரையில் காட்டி, அந்தப் பேரழிவு ஆயுதங்கள் இங்கேதான் எங்காவது இருக்க வேண்டும் என்று ஜோக் அடித்தார். அரங்கம் சிரித்தது. எந்த ஆயுதத்தைக் காரணம் காட்டிப் போர் தொடங்கினாரோ அது இராக்கில் கிடைக்கவில்லை, வீரர்களோ நூற்றுக்கணக்கில் இறந்துவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த வீட்டில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அப்போது கண்டித்தவர்களில் கெர்ரியும் ஒருவர். அதிபர் தன்னைத்தானேதான் கிண்டல் செய்துகொண்டார் என்றார்கள் புஷ்ஷின் ஆதரவாளர்கள்.

உங்கள் வீட்டுச் சண்டைக்கும் இதைச் செய்யுங்கள். இதே ஜோக்கை உங்களுக்குப் பிடித்த தலைவர் சொல்லியிருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எனக்கு புஷ்ஷின் ஜோக்தான் கனமானது. கெர்ரியினுடையது நாக்குப் பிசகு. மற்றது திட்டமிட்டுப் படம் எடுத்துத் தயாரித்தது. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்த பிறகு சொல்லுங்கள்.

விளைவையும் ஒரு பார்வை பாருங்கள். இத்தனை களேபரத்துக்குப் பிறகும் நவம்பர் 7 தேர்தலில் கெர்ரியின் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் பிடித்தது. கெர்ரி 2007 ஜனவரியில், மறுபடி அதிபர் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார்; 2013இல் வெளியுறவு அமைச்சரானார்.

அப்புறம் பகிர்வது

மேலே சொன்னதெல்லாம் பார்த்துவிட்டுப் பகிர விரும்பினால் பகிருங்கள். முழுப் பேச்சின் இணைப்போடு, தேதியோடு, யாருடைய கோபம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரே ஒரு விஷயம். "என் தம்பியும் ராணுவத்தில் இருக்கிறான், அவனுக்கும் கோபம்" என்று பணியில் இருப்பவரின் பெயரையோ, சீருடைப் படத்தையோ, படைப்பிரிவையோ உங்கள் பதிவில் போடாதீர்கள். அரசியல் விஷயத்தில் வெளிப்படையாகக் கருத்துச் சொல்ல அவர்களுக்குப் பணி விதிகள் தடை போடுகின்றன. நீங்கள் அவருக்காகப் போட்ட பதிவுக்கு அவர் தன் அதிகாரி முன் நின்று விளக்கம் சொல்ல நேரும். கோபத்தை உங்கள் பெயரில் எழுதுங்கள். அவரிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம்.