மல்லாட்டை மரபணுக்களில் காணாமல் போன பாதி

விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லையில் வளர்ந்தவன் நான். அதே பயிரின் மரபணுத்தொகையை (மரபணுக்களின் முழுத் தொகுப்பை) அதன் காட்டு உறவான அராக்கிஸ் டுரனென்சிஸுடன் கணினியில் ஒப்பிட்டபோது, ஏறக்குறையப் பாதி மரபணுக்களுக்கு அங்கே இணையான மரபணுவே கிடைக்கவில்லை. மூன்று நாள் கோப்புகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

தவறு என் வடிகட்டலில் இருந்தது. 'ஒன்றுக்கு ஒன்று' இணை மட்டும் போதும் என்று கேட்டிருந்தேன். மல்லாட்டையோ, டுரனென்சிஸும் இன்னொரு காட்டினமான இபாயென்சிஸும் கலந்து பிறந்த பயிர். காட்டுச் செடிகளுக்குக் குரோமோசோம் 10 ஜோடி, இதற்கு 20 ஜோடி. பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் கேட்டால் மற்றது உதிரத்தானே செய்யும்!

2016இல் வெளியான இரு காட்டினத் தொகைகளையும், மரபணுப் பெயர்களுக்கு முன் டுரனென்சிஸுக்கு 'அ', இபாயென்சிஸுக்கு 'ஆ' என்று அடையாளமிட்டு ஒரே கோப்பாக்கினேன். பிறகு மல்லாட்டைப் பக்கமிருந்து மட்டும், ஒவ்வொரு மரபணுவுக்கும் மிக நெருங்கிய இணையைத் தேடினேன். தொலைந்த பாதி திரும்பி வந்தது. முதல் 10 குரோமோசோம்கள் 'அ' பக்கமும் அடுத்த 10 'ஆ' பக்கமும் அழகாகப் பிரிந்து நின்றதைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன்.

சில குரோமோசோம் நுனிகளில் மட்டும் 'ஆ' வரவேண்டிய இடத்தில் 'அ' வரும். பிழையென்று அழித்துவிடாதீர்கள். இரு தொகைகளும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் உண்மையான தடம் அது.