மழைத்துளிக்குள் தெரியும் பூ: மேக்ரோ (மிக நெருக்கப்) படம் எடுப்பது எப்படி?

மதுரையில் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் பிடிக்கும். மழை நின்று, கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் இருட்டிவிடும். ஆகவே மறுநாள் காலை 6.30 மணியிலிருந்து வெயில் ஏறும்வரைதான் நம் நேரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடாப்பாகவே இருந்தால் இன்னும் வசதி. மேகமே பெரிய மென்விளக்கு.

எந்தப் பூ? செம்பருத்தி ஒருநாள் பூ. முந்தின நாள் மழை வாங்கியது காலையில் சுருண்டு கிடக்கும், புதிதாக விரிந்ததில் துளி இருக்காது. இட்லிப்பூக் கொத்திலும் நந்தியாவட்டை மொட்டு நுனியிலும் துளி நன்றாகத் தங்கும். அப்படித் தொங்கும் ஒரு துளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதுச் செம்பருத்தி ஒன்றைப் பறித்துக் குச்சியில் கட்டி, துளிக்குப் பின்னால் அரைச்சாண் தள்ளி ஊன்றுங்கள். துளிக்குள் அந்தப் பூ தலைகீழாகத் தெரியும்.

லென்ஸ்: மேக்ரோ லென்ஸ் இருந்தால் சரி. இல்லாவிட்டால் 50 மி.மீ. லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக்குழல்) போதும். ரிவர்ஸ் ரிங் (லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம்) மலிவுதான், ஆனால் லென்ஸின் பின்பக்கம் வெளியே திறந்திருக்கும். சொட்டுகிற செடிக்கு அடியில் அதை நான் கொண்டுபோக மாட்டேன்.

அளவுகள்: எஃப் எண் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) 8 முதல் 11 வரை. 16-க்கு மேல் போனால் படம் மழுங்கும். ஷட்டர் 1/250 நொடி. இவ்வளவு நெருக்கத்தில் வெளிச்சம் வெகுவாகக் குறைவதால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1600, 3200 என்று ஏறும், ஏறட்டும். அதனால் வரும் நொய்ஸை (படத்தில் விழும் புள்ளிகளை) பிறகு சரிசெய்யலாம், ஆடிய படத்தை முடியாது. சிவப்பு நிறைந்த காட்சிக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7 வையுங்கள், இல்லையென்றால் இதழின் நரம்பெல்லாம் காணாமல் போகும். நந்தியாவட்டை மட்டும் என்றால் பிளஸ் 0.7.

ஃபோகஸ்: எல்லாரும் சிக்குகிற இடம் இதுதான். துளியின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், உள்ளே பூ மட்டும் கலங்கலாக இருக்கும். லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். துளியே ஒரு குவிலென்ஸ். பூவின் பிம்பம் துளிக்குள் இல்லை, துளிக்கு முன்னால், கேமரா பக்கமாக நிற்கிறது. 4 மி.மீ. அகல உருண்டைத் துளி என்றால் அதன் முன்பரப்பிலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி. ஒன்றுக்கு ஒன்று அளவில் (பொருள் சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்போது), எஃப் 11-இல் கூர்மையாக விழுகிற ஆழம் ஒன்றரை மி.மீ. கூடத் தேறாது. விளிம்பும் பூவும் ஒரே படத்தில் எப்படிச் சேரும்?

ஆட்டோஃபோகஸ் விளிம்பைத்தான் கவ்வும். அதை அணைத்துவிடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முதலில் விளிம்பைக் கூர்மையாக்குங்கள். பிறகு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மெல்லப் பின்னுக்குச் சாய்த்தபடி தொடர்ச்சியாகச் சுடுங்கள். பூ தெளிகிற படம் அந்த வரிசையில் ஒன்றாவது விழும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு படத்தையும் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். காற்றில் காம்பு ஆடினால் துணி கிளிப்பைக் குச்சியில் கட்டிப் பிடிக்க வையுங்கள். கிளிப் மாட்டும்போதே பாதித் துளி விழுந்துவிடும், எனவே துளியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மாட்டுங்கள்.

கிளிசரின் தெளித்தால் துளி விழாது என்பார்கள். எனக்குப் பிடிக்காது, நிஜ மழை இருக்கும்போது எதற்கு?

பின்சேர்க்கை: போனில் முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் போன்காரர்களுக்கு யோகம். சென்சார் சிறியது, அதனால் விளிம்பும் பூவும் சேர்ந்தே ஓரளவு தெளிவாக விழும். ஆனால் மிக நெருங்க வேண்டியிருப்பதால் போனின் நிழலே துளியில் விழும். வெளிச்சத்தைத் துளிமேல் திருப்ப வெள்ளைத் தெர்மாகோல் துண்டைப் பக்கத்தில் பிடியுங்கள்.

இன்னொன்று: லென்ஸில் பனி படிகிறது என்றவர்கள் ராத்திரி கேமராவை ஏசி அறையில் வைத்திருப்பார்கள். பையைத் திறக்காமல் 20 நிமிடம் வெளித் திண்ணையில் வைத்துவிட்டு எடுங்கள். துடைத்தால் மறுபடியும் படியும்.